இரண்டு 'யெனிசெய்'கள், ஒரே கப்பல் அல்ல

"யெனிசெய் 1904-இல் தன் கண்ணிவெடியிலேயே மோதிச் சேதமானது, பழுதுபார்த்து 1915 வரை ஓட்டினார்கள்" என்று சிலர் எழுதுவது தவறு. அவை ஒரே பெயர் கொண்ட, கடலில் கண்ணிவெடி இடும் இரண்டு ரஷ்யப் போர்க்கப்பல்கள்.

முதல் யெனிசெய், ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது, 1904 பிப்ரவரி 11 அன்று டால்னி (இன்றைய சீனாவின் டாலியன்) துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது, மீளவே இல்லை. கண்ணிவெடியைக் கடலடியோடு பிணைக்கும் நங்கூரக் கம்பி சரியான நீளத்தில் நிற்காவிட்டால் அது நீருக்கு மேலே மிதந்துவிடும். அப்படி மிதந்த ஒன்றைச் சுட்டு அழிக்கத் திரும்பியபோதுதான், தான் விதைத்த இன்னொன்றின் மேல் கப்பல் ஒதுங்கியது. கப்பல் தளத்தில் அமைத்த தண்டவாளத்திலிருந்து கண்ணிகளைப் பின்புறமாக இறக்கும் முறையை வகுத்த கேப்டன் ஸ்டெபானோவும் அதிலேயே மாண்டார். விசாரிக்கச் சென்ற 'போயாரின்' என்ற ரஷ்யக் குரூசர் போர்க்கப்பலும் அங்கே கண்ணியில் சிக்கியது.

1915 ஜூன் 4 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி யு-26 பால்டிக் கடலில் மூழ்கடித்தது, 1906-இல் நீரில் இறக்கப்பட்ட இரண்டாவது யெனிசெயை.

இதே குழப்பம், இதே வகையைச் சேர்ந்த 'அமூர்' விஷயத்திலும் வரும், அந்தப் பெயரிலும் பழையது, புதியது என்று இரண்டு கப்பல்கள் உண்டு, கவனம். 1904 மே 14 அன்று ரஷ்யக் கடற்படைத் தளமான ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே 50 கண்ணிகளை இட்டு, மறுநாளே ஹட்சுசே, யாஷிமா என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களைப் பலிகொண்டது பழைய அமூர். அது அந்த ஆண்டு டிசம்பரில் உலர்துறையிலேயே ஜப்பானியக் குண்டுகளால் அழிந்தது.