2520-ஐ ராமானுஜன் கண்டுபிடித்தாரா?

“1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520. உலகக் கணித மேதைகள் திணறியபோது இதைக் கண்டுபிடித்தவர் நம் ராமானுஜன்!” இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வகுபடும் என்பது சரி. ஆனால் ஒரே எண் இல்லை. 5040, 7560, 10080 என 2520-இன் மடங்குகள் எல்லாமே வகுபடும், முடிவே கிடையாது. 2520 அவற்றில் மிகச் சிறியது, அவ்வளவுதான். 5, 7, 8, 9 நான்கையும் பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான். 5040 இப்படி வகுபடுவதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே பிளேட்டோ எழுதிவிட்டார்.

வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 12 மாதம், பெருக்கினால் 2520 என்பதும் அதே செய்தியில் வரும். பெருக்கல் சரி, ஆனால் வருடத்துக்கு 360 நாளா என்ன?

ராமானுஜனுக்கும் இந்த எண்ணுக்கும் உண்மையான தொடர்பு வேறு. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுஎண்கள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 48 வகுஎண்கள் கொண்ட 2520-உம் அந்த வகைதான். அவருடைய பட்டியல் 6746328388800 வரை போகிறது. அதற்கு 10,080 வகுஎண்கள். கணினி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு! நடுவில் 293318625600 மட்டும் விடுபட்டுப்போனது.