ஃபோலிக் ஆசிட் மாத்திரை தாலி கட்டும் முன்பே வீட்டுக்கு வர வேண்டும்

நாள் தள்ளிப்போய், கிட் வாங்கிப் பார்த்து, நர்சம்மாவிடம் பதிவு போட்டு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை கைக்கு வருவதற்குள் பலருக்கு எட்டு, பத்து வாரம் ஓடிவிடுகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாயோ கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளி இரண்டே வாரம்! குழாய் மூடாமல் போகும் எந்தக் குறையைத் தடுக்க மாத்திரை தருகிறோமோ, அது நேர்வதானால் அதற்குள் நேர்ந்து முடிந்திருக்கும்.

டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் கல்யாணங்கள் குவியும். நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே கிடைக்கிற நாட்களில், புடவை எடுக்க, பத்திரிகை வைக்கப் போக, அரை நாள் டாக்டரிடமும் போய் வாருங்கள்.

ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம். கரு தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி முதல் 12 வாரம் வரை. மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள். அது சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள், முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்கள் போன்றோருக்கு டாக்டர் எழுதித் தருவது. முந்தைய கருவில் அந்தக் குறை வந்திருந்த பெண்களிடம் அதிக அளவு ஃபோலிக் ஆசிட் அது மறுபடி வருவதை 72 சதவீதம் குறைத்தது என்பது 1991இலேயே வெளிவந்த ஆய்வு முடிவு. முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் கீரையில் உள்ள ஃபோலிக் சத்தான ஃபோலேட்டில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கீரையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அன்றைக்கே சர்க்கரைக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சர்க்கரை உள்ள பெண்ணுக்கு அது 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு கரு தரிப்பது நல்லது. கட்டுப்படாத சர்க்கரை குழந்தையின் இதயத்தையும் தண்டுவடத்தையும் பாதிக்கும். ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மையும் முக்கியம். முதல் 12 வாரத்தில் தாய்க்கு வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரும் வாய்ப்பு 90 சதவீதம் வரை உண்டு. 2017இல் பள்ளிகளில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசி 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தான். 2001இலும் அதற்கு முன்பும் பிறந்த பெண்கள் போட்டிருக்கிறோமா என்று விசாரியுங்கள். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கரு தரிக்காமல் இருக்க வேண்டும்.

வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை எடுக்கும் தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறை வருகிறது. கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற வழி உண்டு. புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பெண்ணின் உயிருக்கே ஆபத்து.

பூச்சிமருந்தால் பிறவிக் குறை வருமா என்பதில் ஃபோலிக் அளவுக்கு உறுதியான சான்று இல்லை. தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு, விலகி நிற்பதற்குச் செலவும் இல்லை. புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் மருந்தடித்த வயலில் மறுநாள் காலையிலேயே களை பறிக்க இறங்குகிறார்கள். முழங்கால் வரை அந்தத் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். டப்பாவில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ, அத்தனை நாள் போகட்டும். மருந்தடித்து வந்த புருஷன் சட்டை, கைலியைக் கழற்றித் தனி வாளியில் போட்டு, தானே அலசி, குளித்துவிட்டு உள்ளே வரட்டும். அந்தத் துணியைக் கசக்கும் வேலை கர்ப்பிணி தலையில் விழக் கூடாது. டப்பாவை அடுப்படிப் பரணில் வைக்காதீர்கள்.

அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறவிக் குறை வாய்ப்பு, பொதுவாக உள்ள இரண்டு மூன்று சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். தாய்மாமனையே கட்டினால் ரத்த நெருக்கம் இன்னும் அதிகம். பேசி முடித்துவிட்டால் மரபணு ஆலோசனைக்காவது போங்கள். உதடு பிளந்து பிறந்தால், "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்று பெண்ணைக் குத்துவதை நிறுத்துங்கள். கிரகணத்துக்கும் உதட்டுக்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்குள் பிடிக்கும் பீடி, சிகரெட் புகைக்குச் சம்பந்தம் உண்டு.

கிராம சுகாதார செவிலியர்களிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, அதாவது குழந்தை பெறும் வயதுத் தம்பதியர் பெயர்ப் பட்டியல், இருக்கிறது. புதுப்பெண் ஊருக்கு வந்ததும் அதில் பெயர் ஏறிவிடும். குழந்தையைத் தள்ளிப்போட நினைக்காத பெண்களுக்குப் பெயர் எழுதும் அன்றே ஃபோலிக் ஆசிட் அட்டையைக் கையில் கொடுங்கள். கர்ப்பப் பதிவு வரை காத்திருக்க வேண்டாம்.