மரத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்

டிசம்பர் பிறந்தால் போதும், "அமெரிக்காவுக்குக் கிறிஸ்துமஸ் மரம் கொண்டுபோன ஜெர்மன் போதகர்" என்று சார்லஸ் ஃபோலன் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தப் பெருமையே முழுசாக அவருடையது இல்லை. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் குடும்பங்கள் அவருக்கு முன்பே மரம் வைத்து அலங்கரித்தவர்கள்தான். என் எரிச்சல் அதில் இல்லை. அந்த மனுஷன் பட்ட பாடு எதுவும் அந்தப் படங்களில் இருக்காது.

1796இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் பிறந்தவர். மாணவர் அரசியலில் தீவிரம். 1819இல் கோட்செபூ என்ற நாடகாசிரியரை ஒரு மாணவர் குத்திக் கொன்றபோது சந்தேகம் இவர் மேலும் விழுந்தது. சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். அங்கும் விடவில்லை. 1824இல் அமெரிக்கா. அடுத்த வருஷமே ஹார்வர்டில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறார், உடற்பயிற்சிக் கூடம் அமைக்கிறார், 1830இல் பேராசிரியர். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் சுகமாகக் காலம் தள்ளியிருக்கலாம்.

அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்று மேடையேறினார். 1835இல் பேராசிரியர் பதவி நீட்டிக்கப்படவில்லை. அதற்கான நிதி ஐந்து வருஷத்துக்கு மட்டும்தான் என்பது ஒரு கணக்கு. பேச்சுதான் வேலைக்கு உலை வைத்தது என்று அவர் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். நான் அவர்கள் கட்சி.

அந்தப் பிரபலமான மரமும் இதே வருஷக் கடைசியில்தான். வேலை போன வீட்டில், மகன் சார்லிக்காக. விருந்தாளியாக வந்திருந்த ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ எழுதி வைத்திருக்கிறார்: கிளையெல்லாம் மெழுகுவர்த்தி, பொம்மைகள், மிட்டாய். ஒரு பொம்மையின் பாவாடையில் தீப்பிடித்ததாம். அணைப்பதற்கென்றே குச்சி நுனியில் ஸ்பாஞ்ச் கட்டித் தயாராக வைத்திருந்தார்களாம். எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்கள்!

1836இல், திரித்துவத்தை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான யூனிடேரியன் சபையில் போதகராக அபிஷேகம். நியூயார்க்கில் ஒரு சபை. பிரசங்க பீடத்திலும் அடிமைமுறையை விடவில்லை. 1838இல் அந்த இடமும் போயிற்று. கடைசியில் பாஸ்டன் பக்கம் கிழக்கு லெக்சிங்டனில் ஒரு சின்ன சபை. அவர்களுக்கு எண்கோணத்தில் ஓர் ஆலயம் வரைந்து கொடுத்தார். 1839 ஜூலை 4 அன்று வேலை தொடங்கியது.

1840 ஜனவரி 13. நியூயார்க்கிலிருந்து அந்த ஆலயத்தின் பிரதிஷ்டைக்குத் திரும்ப நீராவிக் கப்பல் ஏறினார். கப்பலின் பெயரும் லெக்சிங்டன். ராத்திரி புகைபோக்கிப் பக்கம் கிளம்பிய தீ, தளத்தில் அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகளைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து அமெரிக்கப் பஞ்சு யார் கையால் விளைந்தது என்று சொல்லத் தேவையில்லை. சுமார் 140 பேர் இறந்தார்கள். பிழைத்தது நாலே பேர். அதில் ஒருவர் பஞ்சுப் பொதி மேலேயே இரண்டு நாள் மிதந்து கரை ஒதுங்கினார். ஃபோலன் வரவில்லை.

இதைவிட என்னை அறுக்கிற விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. அடிமை ஒழிப்புச் சங்கம் இரங்கல் கூட்டத்துக்கு இடம் கேட்டபோது, பாஸ்டனில் அவருடைய நண்பர் சானிங் போதகராக இருந்த சபையே கதவைத் திறக்கவில்லை. சானிங் சம்மதித்தும் நிர்வாகிகள் மறுத்துவிட்டார்கள். மூன்று மாசம் இழுத்து, ஏப்ரலில்தான் வேறோர் இடத்தில் கூட்டம் நடந்தது. பேசியவர் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய போதகர் சாமுவேல் மே.

எண்கோண ஆலயம் இன்னும் நிற்கிறது, அவர் பெயரிலேயே. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் பிரசங்கம் பண்ணியதில்லை.