கண்மாய்த் தண்ணீர் ஆட்டுக்கும்தான்

அந்த வீடியோவை இனி யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். தூர்வாரிய கண்மாயில் ஆட்டை இறக்கிவிட்டார் என்று வயதான கீதாரியை, அதாவது ஆடு மேய்ப்பவரை, நிற்கவைத்து வகுப்பு எடுக்கிறார் ஒரு தம்பி. அவரும் துரட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்கிறார். முகத்தைக்கூட மறைக்கவில்லை. பின்னணி இசை வேறு.

கண்மாய் ஆட்டுக்கும் சேர்த்து வெட்டியதுதான். "குடிக்கிற தண்ணீர் கெடாதா?" என்கிறீர்கள். ராமநாதபுரம் பக்கம் குடிக்க ஊருணி. அதில் ஆடு மாடு இறங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பொடியனுக்கும் தெரியும். கண்மாய் வயலுக்கும் ஆடு மாட்டுக்கும்.

என் தாத்தா கிடை, அதாவது ஆட்டு மந்தை, வைத்திருந்தவர். கோடையில் மானாமதுரைக்குக் கீழே வைகை மணலில் ஊற்றுத் தோண்டுவார். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளியும்வரை உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் குழி பறித்துத் தார்ப்பாயை விரித்து அதில் தண்ணீரை ஊற்றுவார். ஆட்டை மொத்தமாக விடமாட்டார். மறித்து மறித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மொத்தமாக விட்டால் முன்னால் வந்தது மிதித்துச் சேறாக்கிவிடும், பின்னால் வருவது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இவர்களுக்குத்தான் தண்ணீர்ச் சுத்தம் பற்றி வகுப்பு.

புழுக்கை விழுமா? விழும். ஊர்ச் சாக்கடையும் விழுகிறது, அதற்கும் ஒரு வீடியோ போடுங்கள். அறுவடை முடிந்தால் அந்தப் புழுக்கைக்காகத்தான் எங்கள் பக்கத்து ஆட்டைத் தஞ்சாவூர்ப் பக்கம் வரை கிடை போட, அதாவது ராத்திரி வயலில் அடைத்து உரம் சேர்க்க, கூப்பிடுகிறார்கள். மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு.

"காலம் மாறிவிட்டது" என்பவர்களுக்கு: கட்ச் பக்கம் பன்னி என்கிற புல்வெளியில் ஆடு மாடு மேய்க்கும் மால்தாரிகள் காய்ந்த பள்ளத்தில் விர்தா என்கிற ஊற்றுக்குழி தோண்டி, அடியில் கிடக்கும் உப்புநீரைத் தொடாமல் மேலே நிற்கும் மழைநீரை மட்டும் எடுக்கிறார்களே, அதைப் பகிர்ந்து "பாரம்பரிய அறிவு" என்று உருகியது நீங்கள்தானே? குஜராத்தில் செய்தால் அறிவு, கமுதியில் செய்தால் அத்துமீறல்.

கரை முழுக்கக் கல் பதித்தீர்கள், நடைபாதைக்கு விளக்கு வைத்தீர்கள். ஆடு இறங்க ஒரு சரிவு விட்டீர்களா? சித்திரை வெயிலில் தண்ணீர் காட்டாவிட்டால் செம்மறி மேயாது. ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அடித்தாலும் நகராது. அதை ஓட்டிக்கொண்டு அந்தக் கீதாரி எங்கே போவார்? தம்பி அதைக் கேட்கவே இல்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம், உங்கள் வீட்டில்தான் இப்போது ஆடே இல்லையே?" என்று இன்பாக்ஸில் கேட்ட அண்ணனுக்கு: என் காலேஜ் ஃபீஸ் அந்தக் கிடையை விற்றுக் கட்டியது.