சிங்கமும் இல்லை, சிறுத்தையும் இல்லை

இணையத்தில் சுற்றுகிற அந்தக் கேலி வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே போட்டு அதற்கு இன்னும் நாலு பார்வை சேர்த்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. உகாண்டாவின் கம்பாலா நகரத்தில் ஒரு ஆப்பிரிக்கப் பையன் ஜெயித்த ஓட்டத்தின் கடைசி சில மீட்டர், மேலே "பின்னாடி சிங்கம் வந்தா நாமளும் தங்கம்தான்" என்று ஒரு வரி, கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் கூட்டம். காலையில் எழுந்து ஓடுவதைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிற ஆட்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அந்தப் பையன் பெயர் ஜேக்கப் கிப்லிமோ. அது 2017 மார்ச் 26, உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் (தடத்தில் இல்லாமல் புல்லிலும் மண்ணிலும் மேடு பள்ளத்திலும் ஓடுகிற ஓட்டம்), 20 வயதுக்கு உட்பட்ட ஆண்கள், அதாவது ஜூனியர் ஓட்டம், 8 கிலோமீட்டர். அன்றைக்கு அவனுக்கு வயது 16. வீடியோவில் "கென்யாக்காரன்" என்று போட்டிருக்கிறீர்கள். அட்மின் தம்பி, அவன் உகாண்டாக்காரன். ஓடினது உகாண்டாவின் தலைநகரத்தில், சொந்த ஜனங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த மைதானத்தில். அவனுக்கு மூன்றே விநாடி பின்னால் வந்தவன் எத்தியோப்பியாவின் அம்தெவொர்க் வலெலென். துரத்தியது இன்னொரு பையன்தான். மூன்று வருஷம் கழித்து, 2020இல் போலந்தின் கிடினியாவில் நடந்த உலக அரை மாரத்தானிலும் இதே இரண்டு பேரும் மேடையேறினார்கள். கிப்லிமோவுக்குத் தங்கம், வலெலெனுக்கு வெண்கலம். போலந்தில் எந்தச் சிங்கம்?

கிப்லிமோ வளர்ந்தது எல்கான் மலைச்சரிவில், குவீன் மாவட்டம். அங்கே காபி, மக்காச்சோளம், வாழை விளைகிறது. விவசாய பூமி. சிங்கம் பார்க்க வேண்டுமென்றால் அவனும் நம்மைப் போல டிக்கெட் எடுத்துக்கொண்டு வேறு எங்காவதுதான் போகணும். கம்பாலாவுக்கு முந்தின வருஷம் ரியோ ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று, ஓடினான், 15 வயசில். இறுதிக்கு வரவில்லை. அன்றைக்குச் சிங்கத்துக்கு பிரேசில் விசா கிடைக்கவில்லை போல. தோற்றான், ஊருக்குப் போனான், மறுபடி ஓடினான், ஏழு மாதத்தில் உலக சாம்பியன். நடுவில் இருந்த அந்த ஏழு மாதத்தைத்தான் உங்கள் ஒரு வரி ஜோக் விழுங்கிவிட்டது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவன் உழைப்பை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள்.

"அட, அவங்க பிறவியிலேயே அப்படிப்பா, ரத்தத்துல இருக்கு." இதைச் சொல்லப் போகிறவர்களுக்காக ஒரு பழைய கணக்கு. இதே ஜூனியர் ஓட்டத்தில் 1974, 75, 76, 77 என்று நான்கு வருஷம் தொடர்ந்து ஜெயித்தது யார்? அமெரிக்கப் பையன்கள். ரிச் கிம்பால், பாபி தாமஸ், எரிக் ஹல்ஸ்ட், தாம் ஹன்ட். அதற்கு முந்தின 1973இல், முதல் போட்டியில், ஸ்காட்லாந்தின் ஜிம் பிரவுன். அப்போது யாரும் "கலிஃபோர்னியாவில் கரடி துரத்தியிருக்கும்" என்று சொல்லவில்லை. நல்ல பயிற்சி, நல்ல கோச், நல்ல பள்ளிக்கூட அமைப்பு என்றுதான் எழுதினார்கள். கிழக்கு ஆப்பிரிக்கர்கள் எண்பதுகளில் வந்து வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்ததும் திடீரென்று ரத்தம், எலும்பு, கெண்டைக்கால் என்று ஆராய்ச்சி. வெள்ளைக்காரன் ஜெயித்தால் உழைப்பு, கறுப்பன் ஜெயித்தால் பிறவி. நல்லா இருக்கு நியாயம்.

உடல்வாகுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயரமான மலையில் வளர்வதற்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டக்காரர்களுக்குப் பெயர்போன கென்யாவின் இட்டென் ஊர் சுமார் 2400 மீட்டர் உயரம் என்றால் நம் ஊட்டி 2240. உயரம் மட்டுமே போதுமென்றால் இந்நேரம் ஊட்டியிலிருந்து எத்தனை சாம்பியன் வந்திருக்கணும்? நாம் போய் வர்க்கியும் நீலகிரித் தைலமும் வாங்கிக்கொண்டு வருகிறோம். இட்டெனில் என்ன நடந்தது? 1976இல் அயர்லாந்திலிருந்து கால்ம் ஓ'கானல் என்கிற கத்தோலிக்கத் துறவுச் சபைச் சகோதரர் புவியியல் வாத்தியாராக வந்தார். தடகளம் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. பையன்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து உலக சாம்பியன்களை உருவாக்கினார். எத்தியோப்பியாவின் பெக்கோஜியில் சென்டயெஹு எஷெட்டு, அவரும் ஒரு பள்ளிக்கூட பி.டி. வாத்தியார்தான். ஓட்டக்காரர் கெனனிசா பெக்கலே அந்த ஊர்ப் பையன். 2001இல் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் இதே ஜூனியர் ஓட்டத்தை 33 விநாடி இடைவெளியில் ஜெயித்தார், அதே வார இறுதியில் பெரியவர்களின் குறுந்தூர ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். முப்பத்து மூன்று விநாடி! அவர் கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்கி, திரும்பி நின்று பார்த்தால்கூட அடுத்த ஆள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பார். இதுவும் ரத்தம்தான், இல்லையா?

கென்யாவிலோ எத்தியோப்பியாவிலோ ஒரு பையன் இந்த ஜூனியர் ஓட்டத்துக்கான நாட்டு அணியில் இடம்பிடிப்பதே பெரும்பாடு. ஒரு நாட்டுக்கு ஆறு பேர்தான் ஓட முடியும், அதில் முதல் நாலு பேரின் இடத்தைக் கூட்டித்தான் அணிப் பதக்கம். எல்லோருக்கும் ஒரே ரத்தம், ஒரே மலை, ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டாலும், உள்ளூர்த் தேர்வில் ஏழாவதாக வந்தவன் வீட்டுக்குத்தான் போகணும். அவனுக்கு மட்டும் ரத்தம் கம்மியா?

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று என் நண்பர்களுக்கே ஆச்சரியம். பள்ளிக்கூட நாட்களில் நானும் கிராஸ் கன்ட்ரி ஓடியவன்தான். எங்கள் பக்கம் மைதானமெல்லாம் கிடையாது, கண்மாய்க் கரைதான். இருட்டு பிரிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவேன். கேன்வாஸ் ஷூவின் அடி தேய்ந்து தாள் மாதிரி ஆகியிருக்கும், சீமைக்கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறும். கரையிலேயே உட்கார்ந்து ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு மறுபடி ஓடணும். அப்பா சைக்கிள் ஹேண்டில்பாரில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பின்னால் வருவார். அப்புறம்தான் மில் வேலைக்குப் போவார்.

மாவட்டப் போட்டியில் ஒரு வருஷம் முதலாவதாக வந்தேன். பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, "ஆளைப் பாருங்க, அப்படியே ஆப்பிரிக்கா! இவன் ஜெயிக்காம வேற யாரு ஜெயிப்பா?" என்றார். மைதானமே சிரித்தது. என் பி.டி. சாரும் சிரித்தார். மேடையில் நிற்கிறோமே என்று நானும் இளித்து வைத்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு "வாடா, போலாம்" என்றார். வழியெல்லாம் ஒன்றுமே பேசவில்லை. கல்லூரி முடிக்கிற வரைக்கும் என் பெயர் ஆப்பிரிக்காதான். நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இப்போது "ஊக்கமருந்து" என்று ஒருவர் வருவார், தெரியும். 2007இல் கென்யாவின் மொம்பாசாவில் இதே ஜூனியர் ஓட்டத்தை ஜெயித்த கென்யாக்காரர் ஆஸ்பெல் கிப்ரோப் பிற்பாடு இபிஓ என்கிற ஊக்கமருந்தைப் பயன்படுத்தியதற்காக நாலு வருஷம் தடை வாங்கினார். ஆமாம், வாங்கினார். தப்பு தப்புதான். ஆனால் ஒரு ஆள் மாட்டியதை வைத்து ஒரு கண்டத்துப் பிள்ளைகள் எல்லோர் மேலும் சாணி அடிப்பீர்கள் என்றால், ஊக்கமருந்தில் மாட்டிய நம் நாட்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனசில்லை.

"ஜோக்கை ஜோக்காப் பாருங்க ப்ரோ." பார்க்கலாமே. வட இந்தியாவில் யாராவது நம்மைக் கறுப்பு மதராசி என்று கேலி செய்தால் நமக்கு எவ்வளவு ரோஷம் வருகிறது! அன்றைக்கு மட்டும் ஜோக் ஜோக்காகத் தெரிவதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், சம்பந்தமில்லாமல் இழுக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கம்பாலாவில் அந்த ஓட்டம் நடந்ததற்கு மறுநாள், 2017 மார்ச் 27, கிரேட்டர் நொய்டாவில் படிக்க வந்திருந்த ஆப்பிரிக்க மாணவர்களை ஒரு கும்பல் போட்டு அடித்தது. மால் உள்ளே வைத்து நாற்காலியைத் தூக்கி அடித்த வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. அதற்கு முன்னால் அங்கே ஓடிய வதந்தி என்ன? அவர்கள் மனிதனைத் தின்பவர்கள் என்று. ஒரு ஜோக்கினால் அடி விழுந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களைக் காட்டோடும் மிருகத்தோடும் சேர்த்தே நினைக்கிற பழக்கம் நமக்குள் எங்கே ஊறியிருக்கிறது என்றுதான் கேட்கிறேன். நம்மில் பாதிப் பேர் அவர்கள் நிறம்தான் என்பது வேறு விஷயம். அதனால்தானோ என்னவோ நாம் கொஞ்சம் சத்தமாகவே சிரிக்கிறோம்.

கம்பாலாவில் கிப்லிமோ ஜெயித்த அதே நாள், அதே மைதானத்தில், பெரியவர்கள் ஓட்டத்தில் இன்னொரு உகாண்டாக்காரர், ஜோஷுவா செப்டெகெய், கடைசிச் சுற்று வரை வெகுதூரம் முன்னால் ஓடினார். அப்புறம் கால் பின்னியது. தள்ளாடித் தள்ளாடி 30ஆவதாக வந்து சேர்ந்தார். சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால். இரண்டு வருஷம் கழித்து 2019இல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் நடந்த இதே சாம்பியன்ஷிப்பின் பெரியவர்கள் ஓட்டத்தில் அவர்தான் முதல், கிப்லிமோ இரண்டாவது. கம்பாலாவில் அவர் தள்ளாடிய வீடியோவும் கிடைக்கும். அதை ஏன் யாரும் பகிர்வதில்லை? தள்ளாடுகிறவனுக்குப் பின்னால் சிங்கத்தைப் போட்டால் சிரிப்பு வராது, அதனாலா?

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுங்கள். பெயர் தெரியாது என்று சொல்லாதீர்கள். உலகத் தடகள அமைப்பின் தளத்தில் அந்த ஓட்டத்தின் முடிவுகள் இலவசமாகத்தான் கிடக்கின்றன. முதலில் வந்தவனிலிருந்து கடைசியில் வந்தவன் வரை பெயர், நாடு, நேரம் எல்லாம் இருக்கிறது. தேட இரண்டு நிமிஷம்கூட ஆகாது.