பழைய சின்தசைசர் ஒலி டிஜிட்டலில் வராதா?

"80களின் சின்தசைசர் ஒலிகள் எல்லாம் அனலாக் சர்க்யூட்டில் பிறந்தவை, இன்றைய டிஜிட்டல் கருவியில் அவை வரவே வராது" என்று ஒரு கருத்து சுற்றி வருகிறது. இது தவறு.

அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான எலக்ட்ரிக் பியானோ ஒலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 தந்தது. அந்தக் கருவி முழு டிஜிட்டல். ஒரு அலையால் இன்னொரு அலையின் அதிர்வை மாற்றி ஒலி உருவாக்கும் எஃப்எம் முறையில் இயங்கியது; அதில் ஆறு ஆபரேட்டர்கள் (அலை உருவாக்கும் அலகுகள்), அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம்கள் இருந்தன. அதன் பழைய பேட்ச் கோப்புகளை (சேமித்து வைத்த ஒலி அமைப்புகளை) டெக்செட் என்ற இலவச மென்பொருளிலோ, கோர்க் வோல்கா எஃப்எம் என்ற சிறிய கருவியிலோ இன்றும் அப்படியே ஏற்றி வாசிக்கலாம்.

சரி, நிஜமான அனலாக் கருவிகள்? ரோலண்ட் ஜூனோ-60இல் ஒரு குரலுக்கு, அதாவது ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும், ஒரே ஆசிலேட்டர்தான் (அலை உருவாக்கும் பகுதி). அந்த அகலமான இனிமைக்குப் பெரும் காரணம் அதன் ஸ்டீரியோ கோரஸ் (ஒலியோடு அதன் சற்றே தாமதித்த, அலையும் நகலைச் சேர்க்கும் விளைவு). பலரும் இரண்டு மூன்று ஆசிலேட்டர்களை அடுக்கிவிட்டு, "வரவில்லையே" என்கிறார்கள். ஒரு சா (ரம்பப்பல் வடிவ) அலை, அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் ஒரு சப் ஆசிலேட்டர், மேலே கோரஸ்: இதிலிருந்து தொடங்குங்கள்.

மினிமூக் என்ற அனலாக் சின்தசைசர் வேறு கதை. அங்கே மூன்று ஆசிலேட்டர்களும் துல்லியமாக ஒத்துப்போகாமல் மெல்ல விலகி நகர்வதுதான் அழகு. அதனால் ஆசிலேட்டர்களின் சுருதியைச் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கி, அதாவது டீட்யூன் செய்து, சுருதி மிக மெதுவாக அலையும்படி அமையுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன கருத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஃபில்டரில் (ஒலியின் சில அதிர்வெண்களை வெட்டும் பகுதி) ரெசனன்ஸை, அதாவது வெட்டும் இடத்தருகே உள்ள அதிர்வெண்களின் அழுத்தத்தை, உச்சத்துக்கு ஏற்றும்போது, உள்ளே வரும் சிக்னலும் பலமாக இருந்தால், சில டிஜிட்டல் கருவிகளில் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.