பீன்ஸைத் திட்டாதீர்கள், அதில் போடும் கொழுப்பைக் கேளுங்கள்

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்களுக்கு, அதாவது ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழி வந்தவர்களுக்கு, இதயநோய் பற்றிச் சொல்லித்தர வேண்டுமென்றால், ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை ஸ்பானிஷில் மாற்றி கிளினிக் வரவேற்பறையில் அடுக்கி வைத்தால் போதும் என்று இன்னமும் நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இரண்டு வேலை பார்க்கிறவர், மருத்துவக் காப்பீடு இல்லாதவர், அந்த வரவேற்பறைக்கு எப்போது வரப்போகிறார்? நெஞ்சு வலி வந்த பிறகுதான்.

"அவர்கள் ஆயுள் கெட்டி, வெள்ளையரைவிடக் கூடுதலாகத்தானே வாழ்கிறார்கள்" என்று ஒரு வாதம் வரும். சராசரிக் கணக்கில் அது உண்மை. வசதி குறைவாக இருந்தும் இப்படி என்பதால் ஹிஸ்பானிக் முரண் என்று அதற்குப் பெயரே உண்டு. ஆனால் 2008-இல் பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 16,000-க்கும் அதிகமானவர்களைச் சேர்த்துத் தொடங்கிய பெரிய ஆய்வைப் பாருங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, உடல் பருமன், புகை இவற்றில் ஒன்றாவது ஆண்களில் 80 சதவீதம் பேருக்கும் பெண்களில் 71 சதவீதம் பேருக்கும் இருந்தது. அதிலும் எல்லாரும் ஒன்றில்லை. போர்ட்டோ ரிக்கோ வழி வந்தவர்களுக்கு ஆபத்து அதிகம், தென் அமெரிக்க வழி வந்தவர்களுக்குக் குறைவு. ஒரே பிரசுரத்தை எல்லாருக்கும் நீட்டினால் எப்படி?

சரி, எது வேலை செய்கிறது? ப்ரொமோட்டோரா. அதே தெருவில் குடியிருந்து, அதே பேச்சைப் பேசி, கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற பெண்கள். (ஆண்களும் உண்டு, குறைவு.) அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் 1990-களிலேயே இவர்களை நம்பி 'சலூத் பாரா சு கொரசோன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது, 'உங்கள் இதயத்துக்கு ஆரோக்கியம்' என்று பொருள். அவர்கள் செய்வது பிரசங்கம் இல்லை. அடுப்படியில் நின்று பேசுகிறார்கள். பீன்ஸ் (நம்மூர்ப் பச்சைக் காய் இல்லை, ராஜ்மா போன்ற காய்ந்த பயறு) நல்லதுதான், அதை மசித்து வதக்கும்போது போடுகிற பன்றிக்கொழுப்புதான் சிக்கல், அதற்குப் பதில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார். மைதா டோர்ட்டியாவை (அவர்கள் ஊர் ரொட்டி) விட்டு உன் பாட்டி சுட்ட மக்காச்சோள டோர்ட்டியாவுக்குப் போ. சாப்பாட்டோடு குடிக்கும் சோடாவை நிறுத்து. "உன் சாப்பாடே தப்பு" என்று சொல்கிற ஊட்டச்சத்து நிபுணரிடம் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், இவளிடம் எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம், இதயநோய் ஆண்களுக்கு வருவது என்று நம்பிக்கொண்டு தன் ரத்த அழுத்தத்தை ஒருமுறைகூடப் பார்க்காத அம்மாக்களிடம் இதைப் பேச இன்னொரு அம்மாவால்தான் முடியும்.

டெக்சாஸ் 1999-லேயே இவர்களுக்குப் பயிற்சி, சான்றிதழ் என்று சட்டம் போட்டது. நல்லது. ஆனால் சம்பளம்? பல இடங்களில் மானியம் இருக்கும்வரைதான். இரண்டு மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்ததும் ஆளை அனுப்பிவிட்டு, முடிவு அறிக்கையில் மட்டும் 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதிக்கொள்வார்கள். டாக்டர் சம்பளத்தை யாராவது இப்படி மானியத்தில் தொங்கவிடுவார்களா? குடியேற்ற அதிகாரி வந்துவிடுவாரோ என்ற பயத்தில் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிற வீடுகள் அங்கே இருக்கின்றன. தெரிந்த ப்ரொமோட்டோராவைப் பார்த்தால் திறக்கிறார்கள். அடுத்த வருஷம் புது மானியத்தில் புது ஆள் வந்து தட்டினால் திறப்பார்களா?